ஐந்து பெற்றோரின் டியூஷன் வேண்டுகோளும் ஒரு சிறுமியின் சத்தியமும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் அது பணத்தைப் பற்றியது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறு நகரம். அங்கே ஒரு மலேசியத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாவது ஆண்டாகப் பணிபுரிகிறீர்கள். ஐந்தாம் ஆண்டு வகுப்பு உங்களுடையது. உங்கள் மாணவர்களில் ஐந்து பேரின் பெற்றோர், மாலையில் உங்கள் வீட்டிலேயே டியூஷன் வைக்கும்படி கேட்கிறார்கள். பிள்ளைக்கு மாதம் 60 ரிங்கிட் தருவதாகச் சொல்கிறார்கள். "இங்கே எல்லாரும் நம் ஆட்கள், பெரிய பட்டணத்து விதியெல்லாம் இந்த ஊருக்குப் பொருந்தாது" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் உங்களைத் தேற்றியிருக்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியதுபோல இன்னொன்றையும் சேர்த்திருக்கிறீர்கள்: உங்கள் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளி விட்ட பிறகு வீட்டுக்குப் போகத் தயங்குகிறாள், காரணத்தை உங்களிடம் சொன்னாள், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த ஊரில், எதுவரை பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், எங்கே ஆசிரியராக மட்டும் நின்றாக வேண்டும்?

நான் 33 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அவற்றில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியை. பெரும்பகுதி கோலசிலாங்கூர் பக்கம். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகும் எங்கள் வாயில் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் ஊரைச் சுற்றித்தான் என் பணிக்காலம் கழிந்தது. ரப்பர் மரங்கள் செம்பனையானதையும், லயங்களில் இருந்தவர்கள் டவுன் பக்கத்து மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்ததையும் அருகிலிருந்து பார்த்தேன். நான் வழக்கறிஞர் இல்லை. விதியில் இருப்பதை விதி என்றும், என் அனுபவத்தில் தோன்றுவதை என் எண்ணம் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சிறுமி. டியூஷன் ஒரு மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது. அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள் எழுதவில்லை. அது சரி, இனியும் பொதுவில் எழுத வேண்டாம். அவள் சொன்னது பாலியல் தொடர்பானதாக இருந்தால் சட்டத்தில் ஐயத்துக்கு இடமே இல்லை. 2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் காக்கிறது. அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதே குற்றம் என்கிறது அதன் 19ஆவது பிரிவு. 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். ஆசிரியர், உறவினர், அண்டை வீட்டார் என்று யாருக்கும் அதில் விலக்கு இல்லை. தலைமையாசிரியரிடம் சொல்லியாயிற்று, என் கடமை முடிந்தது என்று இருந்துவிடவும் முடியாது. தகவல் போலீஸ் நிலையத்தைச் சென்று சேர வேண்டும். அவள் சொன்னது அடி உதையோ பட்டினியோ என்றால், 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ள அது சமூக நல இலாகா அதிகாரிக்கும் போலீஸ் அதிகாரிக்கும் அதிகாரம் தருகிறது. தாலியான் காசிஹ் என்னும் அரசின் உதவித் தொலைபேசி எண் 15999; எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

சத்தியம்தான் உங்களை உறுத்துகிறது என்று புரிகிறது. குழந்தைக்குக் கொடுத்த வாக்கை மீறுவது பாவம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் அவளுடைய தயக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் சொல்ல முடியாததை உங்களிடம் சொன்னாள் என்றால், யாராவது எதையாவது செய்வார்கள் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் வாக்கை மீறாதீர்கள். அவளைத் தனியே, ஆனால் மற்றவர் பார்வை படும் இடத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "நீ சொன்னதில் உன் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இதை நான் மட்டும் வைத்திருந்தால் உன்னைக் காப்பாற்ற முடியாது. உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் மட்டும் சொல்லப்போகிறேன்." அவள் அழலாம், உங்களிடம் சில நாள் பேசாமலும் இருக்கலாம். அவள் முன்பு சொன்ன சொற்களை அப்படியே, உங்கள் சொல் கலக்காமல், தேதியும் நேரமும் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டு விவரம் வாங்காதீர்கள். அது விசாரணை அதிகாரியின் வேலை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பிள்ளை அதே வேதனையை மீண்டும் படும். பின்னால் அவள் பேச்சை மற்றவர் சொல்லிக்கொடுத்தது என்று சொல்லவும் அது வழி செய்துவிடும். வீட்டுக்குப் போய்த் தாயிடமோ மாமனிடமோ நியாயம் கேட்கவும் வேண்டாம். நீங்கள் திரும்பி வந்த பிறகு அந்த வீட்டுக்குள் தனியாக இருக்கப்போவது அவள்தான்.

சிறிய ஊர் என்பதால் ஒன்றுக்கு ஆயத்தமாக இருங்கள். மதிப்புள்ள ஒருவர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவரோ உங்கள் தகப்பனாருக்குத் தெரிந்தவரோ, உங்களைத் தேடி வருவார். "வெளியே தெரிந்தால் பெண் பிள்ளையின் பேர் கெடும், உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்வோம்" என்பார். நான் தலைமையாசிரியையாக இருந்தபோது இரண்டு முறை அப்படி ஆள் வந்திருக்கிறது. இரண்டு முறையும் தேநீர் கொடுத்து அனுப்பினேன். புகாரைத் திரும்பப் பெறவில்லை. எல்லாம் நல்லபடி முடியும் என்று உங்களுக்கு உறுதி சொல்ல என்னால் முடியாது. ஒரு வழக்கு நெடுநாள் இழுத்தது. அந்தக் குடும்பம் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அந்தப் பெண் இப்போது தன் பாட்டி வீட்டிலிருந்து இடைநிலைப்பள்ளியை முடித்து வேலைக்குப் போகிறாள். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

இனி டியூஷன். இதில் விதி நீங்கள் நினைப்பதைவிடத் தெளிவானது. பயிற்சிக் கல்லூரியில் மலாயில் மனப்பாடம் செய்த ஆசிரியப் பணி நெறிமுறையை மீண்டும் எடுத்துப் பாருங்கள். மாணவர், பெற்றோர், சமுதாயமும் நாடும், சக ஆசிரியர்களும் பணியும் என நான்கு தரப்புக்கான பொறுப்புகளை அது சொல்கிறது. மாணவர் பகுதியிலேயே, நாம் கற்பிக்கும் வகுப்பில், நாம் கற்பிக்கும் பாடத்தில், பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம் வாங்காமல் வழிகாட்ட வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஐந்து பேரும் உங்கள் வகுப்புப் பிள்ளைகள். அதனால் அவர்களைப் பொறுத்தவரை பதில் அங்கேயே முடிந்துவிடுகிறது. வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது வேறு விஷயம். அரசு ஊழியர் நடத்தை பற்றிய 1993ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, சம்பளத்துக்கு வெளியே எந்த வேலை செய்தாலும் துறைத் தலைவரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். அதற்கான படிவத்தையும் நிபந்தனைகளையும் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். வாய்மொழியாகத் தலையாட்டினார் என்பது அனுமதி ஆகாது.

விதியைச் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை, ஏனென்றால் இதே தவற்றை நானே செய்திருக்கிறேன். ஆறாம் ஆண்டு முடிவில் யூ.பி.எஸ்.ஆர். என்ற அரசுத் தேர்வு இருந்த காலம் அது, பணியில் சேர்ந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். என் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு மாலையில் வீட்டு முன்கூடத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். தலைக்கு 15 ரிங்கிட். பெற்றோர் தாமாகவே கேட்டார்கள். யாரையும் நான் வற்புறுத்தவில்லை. ஒருநாள் காலை வகுப்பில் பின்னக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் போட்டு வேகமாக முடித்துவிட்டேன். தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாயின் மகன் எழுந்து, "புரியவில்லை டீச்சர்" என்றான். நான் வாய் திறப்பதற்குள் முன்வரிசைச் சிறுமி திரும்பி, "நேற்றே டீச்சர் எங்களுக்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்" என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை; அவனுக்கு உதவத்தான் சொன்னாள். அவன் உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவன் என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

நான் எதையும் திட்டமிட்டு ஒளிக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மாலையில் நிதானமாக விளக்கிய களைப்பில், காலையில் அதே கணக்கை எல்லாருக்கும் தெரிந்ததுபோல் ஓட்டியிருக்கிறேன். காசு கொடுத்தவர் பிள்ளைக்கு அடுப்பு, கொடுக்காதவர் பிள்ளைக்கு அனல் மட்டும் என்று என் வகுப்பு எனக்கே தெரியாமல் இரண்டாகப் பிரிந்திருந்தது. அந்த மாதக் கடைசியில் டியூஷனை நிறுத்தினேன். செவ்வாயும் வியாழனும் பள்ளியிலேயே, தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, விரும்பிய எல்லாருக்கும் இலவச வகுப்பு வைத்தேன். பலர் வரவில்லை, மதியம் பள்ளிப் பஸ் போய்விட்டால் அவர்களுக்கு வீட்டுக்கு வழியில்லை. அந்தப் பஸ்காரரிடம் பேசி, வாரம் இரண்டு நாள் மட்டும் கூடுதலாக ஒரு நடை வரச் செய்ததுதான், நான் சொல்லிக்கொடுத்த எந்தப் பாடத்தையும்விடப் பயன்பட்டது என்று இன்றும் நினைக்கிறேன்.

"எல்லாரும் நம் ஆட்கள்" என்று சொன்ன மூத்த ஆசிரியரின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. அவர் சொல்வதில் அன்பு இருக்கிறது. ஆனால் அவர் ஒன்றை மறந்துவிடுகிறார். கிள்ளானிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ ஓர் ஆசிரியரைப் பிடிக்காத பெற்றோருக்கு வேறு பள்ளி உண்டு, நூறு டியூஷன் நிலையம் உண்டு. உங்கள் ஊரில் இருப்பது ஒரே தமிழ்ப்பள்ளி, ஐந்தாம் ஆண்டுக்கு ஒரே வகுப்பு, அதற்கு ஒரே ஆசிரியர், அது நீங்கள். அந்த 60 ரிங்கிட்டைத் தர மறுத்தால் பிள்ளை மீது உங்கள் முகம் மாறுமோ என்று லோரி ஓட்டும் ஒரு தகப்பன் அஞ்சினால், அந்த அச்சத்தை அவர் உங்களிடம் ஒருநாளும் சொல்ல மாட்டார். சிரித்துக்கொண்டே கொடுப்பார். நம் தோட்டப் பள்ளிகளுக்கு இதில் பழைய நினைவு ஒன்றும் இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்ன காலத்தில், பல இடங்களில் கூலியாட்களை மேய்க்கும் கங்காணியும் கணக்கு எழுதும் கிராணியுமே வாத்தியார். பகலில் பேர் போடும் ஆளே பிள்ளைக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தால், பெற்றவன் வாய் திறந்து குறை சொல்ல முடியுமா? இன்று நாம் பயிற்சி பெற்று, அரசுச் சம்பளம் வாங்கி வந்திருக்கிறோம். ஆனாலும் "டீச்சர் சொன்னால் சரிதான்" என்று அவர்கள் தலையாட்டும் பழக்கம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. பெற்றோர் தாமாகவே கேட்டார்கள் என்பதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவது அதனால்தான். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் டீச்சர்" என்றுகூடத்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டு நாம் பிரம்பைத் தூக்க முடியாது. பிரம்பு தலைமையாசிரியருக்கும் அவர் அதிகாரம் அளித்தவருக்கும் உரியது. பெண் பிள்ளைகள் மீது அது படவே கூடாது.

நீங்கள் எழுதிய இன்னொரு சிறு விஷயம்: கோயிலிலும் இரவுச் சந்தையிலும் தாய்மார்கள் உங்களை நிறுத்தி, தங்கள் பிள்ளையைப் பற்றி மட்டுமல்லாமல் அடுத்தவர் பிள்ளையைப் பற்றியும் கேட்கிறார்கள், முகத்தை முறிக்க முடியவில்லை என்கிறீர்கள். மாணவரைப் பற்றிய இரகசியத் தகவலை, அதை அறிய உரிமை உள்ளவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக்கூடாது என்பதும், பெற்றோர் தம் வீட்டு நிலையைப் பற்றிச் சொல்வதை இரகசியமாகவே கொள்ள வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் இருக்கின்றன. நம் ஊர்களில் இதற்குக் கனம் அதிகம். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் தாய், சிறையிலிருக்கும் தகப்பன் என்று பதிவுக் கோப்பைத் திறந்தாலே ஒரு குடும்பத்தின் மானம் கையில் வந்துவிடுகிறது. அடுத்தவர் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் நான் வைத்திருந்த பதில் ஒன்றுதான்: "அவன் அம்மா வந்தால் அவரிடம் சொல்கிறேன் அக்கா, உங்கள் மகளைப் பற்றித் திங்கட்கிழமை பள்ளிக்கு வாருங்கள், புத்தகத்தையே காட்டிப் பேசுகிறேன்." இரண்டு மாதத்தில் ஊருக்குப் பழகிவிடும். தன் பிள்ளையைப் பற்றியும் நீங்கள் வெளியே பேச மாட்டீர்கள் என்று அந்த அக்காவுக்கு அப்போது புரிந்துவிடும். வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கும் இதுதான். எல்லாப் பிள்ளைகளின் புள்ளிகளும் அடங்கிய பட்டியலை அதில் போடாதீர்கள். பிள்ளைகளின் படங்களை உங்கள் சொந்த முகநூலில் ஏற்றாதீர்கள்.

அடைவுநிலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டியூஷனோடு அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. யூ.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்ட பிறகு, ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை ஒன்று முதல் ஆறு வரையிலான நிலைகளில் மதிப்பிடுபவர் பாடம் கற்பிக்கும் ஆசிரியரே. முன்பு விடைத்தாளை வேறொருவர் திருத்தினார். இப்போது கற்பிப்பதும் நீங்கள், எடைபோடுவதும் நீங்கள். மாதந்தோறும் உங்கள் கையில் பணம் கொடுப்பவரின் பிள்ளைக்கு மூன்றா நான்கா என்று தயங்கும்போது, உங்கள் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று உங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. என்னாலும் முடிந்திராது. இரண்டாம் நிலையில் உள்ள பிள்ளைக்கு நான்கு போட்டால் பெற்றோர் அந்த ஆண்டு மகிழ்வார்கள். இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து அதற்கு விலை கொடுக்கும்.

அன்பளிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மே 16 ஆசிரியர் தினத்தில் பிள்ளை கொண்டுவரும் பூவையும், காகிதத்தில் எழுதிய வாழ்த்தையும், அம்மா செய்த முறுக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அந்தக் குழந்தை மனம் உடைந்துபோகும். அரசு ஊழியருக்கான 1998ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, மாதச் சம்பளத்தில் கால் பங்கு அல்லது 500 ரிங்கிட், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டும் அன்பளிப்பை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். உங்கள் ஊரில் அந்த அளவுக்கு வராது. பணம் இருக்கும் உறையை மட்டும், எவ்வளவு சிறியதானாலும், அன்றே திருப்பிக் கொடுங்கள். இது என் எண்ணம்.

விதி தெளிவாகச் சொல்லாத, நான் இன்றும் தயங்கும் இடங்களும் உண்டு. மழையில் நிற்கும் பிள்ளையை என் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். எப்போதும் இரண்டு பிள்ளைகளாக, தலைமையாசிரியருக்கும் வீட்டுக்கும் கைப்பேசியில் சொல்லிவிட்டு. அவசரத்துக்குக் கைமாற்று கேட்ட பெற்றோருக்கு ஒருமுறை கொடுத்தேன். அதன் பிறகு அவர் பள்ளிக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார், என் முகத்தைப் பார்க்க முடியாமல். அன்று முதல் கடன் கொடுக்காமல், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவி நிதிக்கு வழி காட்டினேன். மாணவர் வீட்டு விசேஷங்களில் சாப்பிட்டிருக்கிறேன், தயக்கமே இல்லாமல். அதுகூடக் கூடாது என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். என்னால் அப்படி வாழ்ந்திருக்க முடியாது.

அந்த ஐந்து பெற்றோரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். "விதி விடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். விதி இல்லாவிட்டால் வாங்கியிருப்பீர்கள் என்று ஆகிவிடும். "உங்கள் பிள்ளை என் வகுப்புப் பிள்ளை, அவனுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஏற்கெனவே சம்பளம் வருகிறது. வாரம் இரண்டு நாள் பள்ளியிலேயே வைக்கிறேன், யாருக்குப் பாடம் புரியவில்லையோ அவர்களையும் அனுப்பச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். தலைமையாசிரியரிடம் முதலில் பேசிவிடுங்கள். பஸ்ஸைப் பற்றியும் கேளுங்கள்.

நீங்கள் எழுதியது வெள்ளிக்கிழமை இரவு. டியூஷனுக்குப் பதில் சொல்ல அடுத்த வாரம் போதும். அந்தச் சிறுமி இந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில்தான் இருக்கப்போகிறாள். இதைப் படித்தவுடன் உங்கள் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் 15999. திங்கட்கிழமை வரை வைத்திருக்காதீர்கள்; அதற்குள் அவளைப் பார்க்க முடியாவிட்டால், பார்த்ததும் அவளிடம் சொல்லிக்கொள்ளலாம்.